திருப்பிக் கொடுக்காத சூப்புச் சட்டி

தம்பி,

கலியாண வேலைக்குள் அம்மா ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறா என்று யோசிப்பாய். ரெலிபோனில் சொன்னால் நீ கார் ஓட்டிக்கொண்டே "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்பாய். வைத்ததும் மறந்துவிடுவாய். இன்னும் கொஞ்ச நாளில் மெய்லினைக் கைப்பிடித்துக்கொண்டு விட்பியில் வாங்கின புது வீட்டுக்குப் போகப் போகிறாய். நான் டோர்செட் பார்க்கில் இந்த அடுக்குமாடியிலேயே இருக்கப் போகிறேன். பஸ் எடுத்து, ரயில் எடுத்து, அங்கே இறங்கிப் பிறகு யாராவது வந்து ஏற்றினால்தான் நான் உன் வாசலுக்கு வந்து சேரலாம். அந்தத் தூரம் எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி மிச்சத்தை எழுதுவது சுகம். உன்னுடைய சிநேகிதர்களின் தாய்மார் யாரும் சீனத்துப் பிள்ளையை மருமகளாக எடுக்கப் போகிறார்கள் என்றால் இதை அவர்களுக்கும் வாசிக்கக் கொடு. ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை.

உன் அம்மா சந்தேகக்காரி என்பது ஸ்காபரோவில் பாதிப் பேருக்குத் தெரியும். கீழே நின்று பெல் அடித்தால் குரல் தெரிந்தாலும் பெயரைக் கேட்டுத்தான் கதவு திறப்பேன். லிஃப்ட்டில் யாராவது சும்மா சிரித்தால் கைப்பையை இறுக்கிப் பிடிப்பேன். வங்கியிலிருந்து கதைக்கிறோம் என்று ஒரு பெடியன் ரெலிபோன் எடுத்தபோது, அவனுடைய ஊர், தாய் தகப்பன், என்ன படித்தவன் என்று நான் விசாரிக்கத் தொடங்க, அவனே வைத்துவிட்டான். நீயும் மெய்லினும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அடுத்த நாள் உண்மையாகவே வங்கியிலிருந்து எடுத்தார்கள். அவர்களுக்கும் ஏச்சுத்தான். இந்தக் குணம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு வந்தது, அது எப்படி வந்தது என்று உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை.

நாங்கள் வந்து இறங்கினபோது உன் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணை, நீ பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், தன்னுடைய வீட்டு பேஸ்மென்டில் எங்களுக்கு இடம் தந்தார். நல்ல மனிதர்தான். வாடகை வாங்கவில்லை. குளிருக்குத் தன் பழைய ஜக்கெட்டையும் அப்பாவுக்குக் கொடுத்தார். நாங்கள் வேலை எடுத்து, வேறு இடம் பார்த்துப் போய், நீயும் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு பிறந்தநாள் விழாவில், மண்டபம் நிறையச் சனம் இருக்க, பெரியப்பா அப்பாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "இவையை எயார்போட்டிலை இருந்து ஏத்திக்கொண்டு வந்தது ஆர்? நான்! என்ரை பேஸ்மென்ட் இல்லாட்டி இவை எங்கை நிண்டிருப்பினம், சொல்லுங்கோ பாப்பம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கையில் இருந்த றோல்ஸைக் கடிக்காமல் தட்டில் திரும்ப வைத்ததை நான் மட்டும் கண்டேன். வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது, "இனி ஒருத்தற்றை சாமானும் எங்கட வீட்டிலை தங்கக் கூடாது" என்றார். அவர் அதைக் கோபத்தில் சொன்னார், பிறகு மறந்தும் போனார். நான் மறக்கவில்லை. யார் எதைத் தந்தாலும் பின்னால் ஒரு நாள் சொல்லிக் காட்டத்தான் தருகிறார்கள் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு துண்டு கேக் தந்தால் அவள் கதவைச் சாத்த முன்னம் வடையோடு உன்னை அனுப்பினவள் நான். நீ சின்னக் காலால் அந்தக் கொரிடோர் வழியாக ஓடி ஓடிப் பழகினவன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மெய்லினின் அம்மா முதன்முதல் வந்தா. மார்க்கம் நகரத்திலிருந்து மகள் காரில் கூட்டிக்கொண்டு வந்தாள். இலையோடு பிடுங்கின சின்னத் தோடம்பழங்களை ஒரு பையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினா. "ஏன் உதெல்லாம், வேண்டாம்" என்றேன். அவ திரும்ப நீட்டினா. அவவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, இரண்டு பேருடைய ஆங்கிலமும் கடைக்குப் போய்வர மட்டுந்தான் காணும். உள்ளே வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்தா. நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? மாலை வாடியிருக்கிறதோ, படத்தில் தூசி இருக்கிறதோ என்று பார்க்கிறா என்று நினைத்தேன். குசினி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தபோது, மகள் வரப்போகிற இடத்தை அளக்கிறா என்று நினைத்தேன். அவ போன கையோடு உன்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், அதே மாதிரித் தோடம்பழம், ஒரு சுற்றுப் பெரிதாகப் பார்த்து வாங்கி, அன்று பின்னேரமே மார்க்கத்துக்கு அனுப்பினேன். "அம்மா, அவை தந்தது ஒரேஞ்ச், நாங்களும் ஒரேஞ்ச்சா குடுக்கிறது? திஸ் இஸ் சோ வியர்ட்" என்று நீ புறுபுறுத்தாய். நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ கண்டதுதான், ஆனால் நீ கண்டது ஒரு விதம், நான் நடத்தினது வேறு விதம். அவ ஒரு ரின் தேயிலை தந்தா. நான் அடுத்த நாளே எங்கள் ஊர்த் தேயிலை வாங்கி அனுப்பினேன். அவ கையால் பின்னின கம்பளித் தொப்பி தந்தா. எனக்குப் பின்னத் தெரியாது, ஆகவே நல்ல விலையில் ஒரு சால்வை. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, வாய் அகன்ற சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சியும் கோழியும் போட்ட சூப்பு மெய்லினிடம் கொடுத்துவிட்டா. குடித்தேன். நல்லாய்த்தான் இருந்தது, உடம்பு வேர்த்து இலேசாகியும் போனது. விடிந்ததும் காய்ச்சலோடே எழும்பி, அந்தப் போத்தலைச் சவர்க்காரம் போட்டு, எலுமிச்சம்புளி விட்டு, சூப்பின் மணம் துளிகூட இல்லாமல் கழுவி, நிறைய ரசம் ஊற்றி உன் கையில் தந்துவிட்டேன். எனக்குள் ஒரு வெற்றி. இனி இவவால் எந்த மண்டபத்திலும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஏலாது என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

அதோடு அவ வருவது நின்றது. கூறைச்சேலை எடுக்க எல்லாரும் சேர்ந்து போவதாக இருந்த நாளில், அம்மாவுக்குச் சுகமில்லை என்று மெய்லின் சொன்னாள். அதே அம்மா அன்று சந்தைக்குப் போனதை நீயே பிறகு உளறிவிட்டாய். பிறகு ஒரு நாள் நீ வேலையால் நேரே என்னிடம் வந்து, சாப்பாட்டைத் தொடாமல், "கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பமோ எண்டு மெய்லின் கேக்கிறாள்" என்றாய். உன் முகத்தை அப்படி நான் அப்பா போன நாளில்தான் கண்டது. எனக்குள் என்ன ஓடியது என்று சொல்கிறேன், கோபிக்காதே. பார்த்தாயா, நான் சந்தேகப்பட்டது சரியாய்ப் போச்சுது என்றுதான் ஓடியது. அவைக்கு எங்களைப் பிடிக்கேல்லை, முதல் நாளே குசினியை எட்டிப் பார்த்தா, என்று உன்னிடமும் சொன்னேன். நீ எழும்பி உன் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய்.

இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஒரு வேலைநாளில் மெய்லின் தனியாக வந்தாள். வந்து இருந்து, தண்ணீர் கூடக் குடிக்காமல், "அன்ரி, எங்கட அம்மாவை உங்களுக்கு ஏன் பிடிக்கேல்லை?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாக. நான் திகைத்துப்போனேன். "எனக்கோ? உங்கட அம்மாவுக்குத்தான் எங்களைப் பிடிக்கேல்லை" என்றேன். அவள் என்னை நல்லாய் உற்றுப் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். அவர்களுடைய பக்கத்தில் ஒருவர் ஒன்றைத் தந்தால், அதை வைத்துக்கொள்ள வேண்டுமாம். நாள் போக விட்டு, வேறொன்றாக, கொஞ்சம் கூடவோ குறையவோ பார்த்துத் திருப்ப வேண்டுமாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் எப்போதும் ஏதோ ஒன்று பாக்கி நிற்க வேண்டும், அந்தப் பாக்கிதான் ஆட்களைப் போகவர வைக்கிறது என்று அவர்களுடைய பழைய ஆட்கள், எந்தக் காலத்திலோ, சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். அதே நாளில் அதே சாமானை அதே அளவில் திருப்பினால், உன்னோடு எனக்கு இனி ஒரு கொடுக்கல் வாங்கலும் வேண்டாம், போ என்று சொன்னதாம். "அம்மா அந்தப் போத்தலைத் திறந்து மணந்து பாத்தா, அன்ரி. ஒரு மணமும் இல்லை. ஏன் என்னை இப்பிடிக் கழுவி விடுகினம் எண்டு அழுதா" என்றாள்.

நான் உடனே நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் பழைய சீன ஞானம் என்று ஒரு முலாம் பூசிவிடுவார்கள். கலியாணத்தைக் காப்பாற்ற இவளே கட்டின கதையோ என்றும் ஓடியது. ஆகவே நேரே கேட்டேன். "சரி பிள்ளை, நான் வாங்கி வாங்கி வைச்சிருந்தால், பிறகு ஒரு நாளைக்கு உங்கட அம்மா சொல்லிக் காட்ட மாட்டாவோ?" சொல்லிக் காட்டுவது என்றால் என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. பெரியப்பாவின் கதையை என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன், அப்பா றோல்ஸைத் திரும்ப வைத்தது வரைக்கும். அவள் கண் கலங்கிவிட்டது. "எங்கட பக்கத்திலை குடுத்த ஆள் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, அன்ரி. ஞாபகம் வைக்கிறது வாங்கின ஆளின்ரை வேலை" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா எங்கட மாமா ஒருத்தர் இருக்கிறார், அவரும் எல்லாக் கலியாணத்திலையும் இப்பிடித்தான் கத்துவார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய ஞானத்தைவிட அந்த மாமாவைச் சொன்னதில்தான் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது.

ஆனாலும் விசாரிக்காமல் விடுவேனா? அடுத்த நாள் உடுப்புத் தோய்க்கிற அறையில், இத்தனை வருடமாக ஒரே கட்டிடத்தில் இருந்தும் நான் கதைத்திராத ஒரு சீனத்து அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் தோடம்பழம் தந்தால் அன்றைக்கே தோடம்பழம் திருப்பிக் கொடுத்தால் உங்கள் பக்கத்தில் எப்படி எடுப்பார்கள் என்று கேட்டேன். அவ கையில் இருந்த துவாயை மடிப்பதை நிறுத்தி, "அதே நாளோ? அதே பழமோ?" என்று கேட்டுவிட்டு, முகத்தைச் சுளித்து, "அந்த ஆளோட உனக்கு என்ன கோவம்?" என்றா. அதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. மேலே வந்து கதிரையில் சாய்ந்து இருந்து யோசித்தேன். நாங்களும் சொந்தத்துக்குள் நன்றி சொல்வதில்லையே. நான் சோறு போட்டதற்கு நீ நன்றி சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஊரில் சட்டியில் கறி வந்தால் சட்டி அடுத்த கலியாணம் வரைக்கும் எங்கள் வீட்டில்தானே கிடக்கும். இதெல்லாம் தெரிந்த பொம்பிளைதான் நான். பெரியப்பாவுக்குப் பயந்து பயந்து எனக்குத் தெரிந்ததையே மறந்துபோனேன்.

இனி நான்தான் எதையாவது கேட்டு வாங்க வேண்டும் என்று விளங்கியது. தம்பி, கொடுப்பது எனக்குக் கைவந்த வேலை. கேட்பதற்கு வாய் வரவில்லை. கண் ஒப்பரேசனுக்கு நாள் வைத்திருந்தார்கள், கூட ஒருவர் வராவிட்டால் வீட்டுக்கு விடமாட்டோம் என்றும் சொல்லியிருந்தார்கள். நீ லீவு எடுப்பதாக இருந்தாய். உன்னிடம் "வேண்டாம், ஒழுங்கு செய்திட்டன்" என்று சொல்லிவிட்டு, மெய்லினுக்கு ரெலிபோன் எடுத்து, "உன்ரை அம்மாவாலை என்னோட ஆசுப்பத்திரிக்கு வர ஏலுமோ?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவள் சீனத்தில் ஏதோ சொல்வதும், பின்னால் ஏதோ விழுவதும் கேட்டது. "அன்ரி, அம்மா சப்பாத்துப் போடத் தொடங்கீட்டா. ஒப்பரேசன் எண்டைக்கு?" என்றாள்.

அன்று அவ என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆசுப்பத்திரியில் இருந்தா. அந்தப் பைக்குள்தான் என் பாஸ்போட், சங்கிலி எல்லாம் இருந்தது. நான் உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன், அதை நீ அவவிடம் சொல்லிவிடாதே. வீட்டுக்கு வந்ததும் என்னைச் சோபாவில் கிடத்திவிட்டு, தான் கொண்டுவந்த சூப்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினா. எனக்கு ஒரு கண் மூடியிருந்தது. மற்றக் கண்ணால் அவ குசினியில் எதை எதைத் திறக்கிறா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். அலுமாரி ஒவ்வொன்றாகத் திறந்தா. அரிசியைக் கண்டுபிடித்தா. எங்கள் மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து மணந்துவிட்டு, வீடு அதிரத் தும்மினா. பிறகு வந்து என் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக் கண்ணுக்கு மருந்து விட்டா. கையில் இஞ்சி மணம். அப்பா போன பிறகு என்னை அப்படி ஒருவரும் தொட்டதில்லை, தம்பி. எனக்கு அழுகை வந்துவிட்டது. மருந்து எரிகிறது என்று நினைத்து அவ என் நெற்றியில் ஊதிக்கொண்டே இருந்தா.

போக வெளிக்கிட்டபோது என் கை தன்பாட்டில் சட்டியைக் கழுவப் போனது. அவ அதைக் கண்டுவிட்டா. நான் கையை எடுத்துக்கொண்டு, "நெக்ஸ்ட் டைம்" என்றேன். "நெக்ஸ்ட் டைம்" என்று அவவும் சொன்னா. சிரித்தபோது அவவுக்கு ஒரு பல் இல்லை என்பதை அன்றுதான் கண்டேன். அடுத்த கிழமை, முன்பு நான் வாங்கிக் கொடுத்த சால்வையைப் போட்டுக்கொண்டு கூறை எடுக்க வந்தா, கடைக்காரனை ஒரு வழி பண்ணினா, அதெல்லாம் நீயும் பார்த்தாய். கலியாணத்தைத் தள்ளி வைக்கிற கதை எப்படி நின்றது என்று நீ கேட்கவேயில்லை. இப்படித்தான் நின்றது. சட்டி இன்னும் என் அடுப்பில் இருக்கிறது. காலையில் எழும்பிப் பார்க்கும்போதெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று கை துருதுருக்கிறது. அவ வரும்போது ஓரக்கண்ணால் அடுப்பைப் பார்க்கிறா. சட்டி இருக்கிறதைக் கண்டதும் முகம் மலர்கிறது. என்னைச் சோதிக்கிறா என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. சோதிக்கட்டும்.

இதையெல்லாம் உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், என் குணம் உன்னிடம் அப்படியே இருக்கிறது. போன பனிக்காலம் உன் கார் பழுதான கிழமை முழுக்க மெய்லின் உன்னை வேலைக்கு ஏற்றி இறக்கினாள். உன் கார் திருத்தி வந்த அன்றே நீ அவளுடைய காரை உள்ளே வெளியே கழுவி, பெற்றோல் நிறைய அடித்து, என் கண் முன்னால் சாவிக்கொத்தோடு திறப்பை நீட்டி, "ஓகே, நவ் வீ ஆர் ஈவன்" என்றாய். ஈவன் என்றால் என்ன என்று கேட்டேன். "கணக்குச் சரி அம்மா" என்றாய். என் பிள்ளை என்று அன்றைக்கு எனக்குப் பெருமை. இப்போது அவளுடைய முகம்தான் ஞாபகம் வருகிறது. திறப்பை வாங்கிக்கொண்டு, சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தாள். அவள் உன்னை ஏற்றி இறக்கினது ஆசையில். நீ அதை ராக்சி வாடகைக் கணக்காக்கித் தீர்த்துவிட்டாய். அவளோடு ஈவன் ஆகாதே, தம்பி. அவள் செய்வதை வாங்கி வைத்திரு. ஞாபகம் வைத்திரு. நீ செய்ததை மறந்துவிடு, முக்கியமாக ஆட்கள் நிறைந்த மண்டபத்தில்.

கடைசியாக ஒன்று, இது கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ வேலை எடுத்துத் தனி அறைக்குப் போன நாளிலிருந்து, நான் புட்டும் கறியும் கட்டித் தந்துவிட்டால், அடுத்த நாள் காலையில் என் கதவடியில் கடைச் சாமான் வந்து நிற்கிறது. அரிசி, பால், நான் கேட்காத மாம்பழம். கண் ஒப்பரேசனுக்கு நீ வராததற்கு ஒரு புது ரீவியே வந்தது. இதுவரைக்கும் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். இப்போது அந்தப் பெட்டிகளைத் திறக்க மனம் வரவில்லை. சந்தேகக்காரி கேட்கிறேன் என்று சிரிக்காமல் பதில் சொல். விட்பிக்குப் போக முன்னம் என்னோடும் ஈவன் ஆகப் பார்க்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை வா. மீன்குழம்பு வைத்துத் தருகிறேன், என் பெரிய சட்டியில். புது வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு பேரும் சாப்பிடுங்கள். அடுத்த நாள் எனக்கு ஒன்றும் அனுப்பாதே. சட்டியையும் கொண்டுவராதே. அந்தச் சட்டியைக் கேட்டுக்கொண்டு நான் விட்பிக்கு வர வேண்டும்.

அம்மா